மிஸ்டீரியம் விளையாடப் போகிறவர்களுக்கு: வாய் திறக்காத ஆவியைப் புரிந்துகொள்ளும் வழி

நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடும் மாலையில் பேய்க்கதைச் சாயலோடு ஏதாவது விளையாட வேண்டும், ஆனால் யாரும் நிஜமாகவே பயந்து தூக்கம் கெடக் கூடாது, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எதையும் வாசித்துக்கொண்டிருக்கவும் கூடாது என்று விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது மிஸ்டீரியம் என்ற பலகை விளையாட்டைத்தான். உக்ரைனைச் சேர்ந்த ஒலெக்சாண்டர் நெவ்ஸ்கி, ஒலெக் சிடொரென்கோ ஆகிய இருவரும் உருவாக்கிய இந்த விளையாட்டு 2013இல் போலந்தில் வெளிவந்தது. பிரான்சைச் சேர்ந்த லிபெல்லுட் நிறுவனம் ஓவியங்களையும் விதிகளையும் மாற்றியமைத்து 2015இல் வெளியிட்ட பதிப்புதான் இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பது. இந்தக் கட்டுரையும் அந்தப் பதிப்பைப் பற்றியதே. விதிப்புத்தகத்தை ஒருவர் படித்துக்கொண்டால் போதும். விளையாடும் சீட்டுகள் முழுக்க ஓவியங்கள் என்பதால், ஆங்கிலம் வாசிக்காத அம்மாவோ பாட்டியோகூட மேசையில் சமமாக உட்காரலாம்.

பெட்டியின் மேல் 2 முதல் 7 பேர், 10 வயதுக்கு மேற்பட்டவர்கள், 42 நிமிடம் என்று அச்சிட்டிருக்கும். அந்த 42 நிமிடத்தை நம்பி இரவுச் சாப்பாட்டை அடுப்பில் ஏற்றிவிட வேண்டாம். புதியவர்கள் மட்டுமே கூடியிருந்தால் விதிகளைச் சொல்லி, சீட்டுகளைப் பரப்பி, ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்வது நல்லது. ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை நாலு முதல் ஆறு பேர் வரை சரியாக இருக்கும். இரண்டு, மூன்று பேருக்கும் தனி விதிகள் உண்டு என்றாலும், மேசையில் வாக்குவாதம் இல்லாவிட்டால் இந்த ஆட்டத்தில் பாதி சுவை போய்விடுகிறது.

கதையும் நோக்கமும்

1920களில் ஸ்காட்லாந்தின் ஒரு பழைய மாளிகை. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே கொலையுண்ட ஒருவரின் ஆவி இன்னும் அமைதியடையாமல் உலவுகிறது. ஆவிகளோடு தொடர்புகொள்ளக்கூடிய சிலர், அதாவது மீடியம்கள், ஓர் இரவில் அந்த மாளிகையில் கூடி, கொலையாளி யார், கொலை எந்த அறையில் நடந்தது, எந்தப் பொருளால் நடந்தது என்று கண்டறிய முயல்கிறார்கள். ஆவிக்கோ நினைவு மங்கிக்கிடக்கிறது, பேசவும் முடியாது. அதனால் முடிந்ததெல்லாம் கனவுகளை அனுப்புவதுதான்.

ஆடுபவர்களில் ஒருவர் ஆவியாகவும் மற்றவர்கள் மீடியம்களாகவும் அமர்கிறார்கள். இங்கே ஒருவருக்கொருவர் எதிரிகள் இல்லை: எல்லோரும் சேர்ந்து வெல்ல வேண்டும், இல்லையேல் ஆவி உட்பட எல்லோரும் சேர்ந்து தோற்க வேண்டும். புதியவர்களுக்கு இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுவது அவசியம். கொலை, சந்தேக நபர் என்றெல்லாம் கேட்டவுடன் பலர் தம் சீட்டை மார்போடு அணைத்து மறைக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் மீடியம்கள் மறைப்பதற்கு எதுவுமே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஆவியை அழைக்கும் விளையாட்டா என்று முகம் சுளித்தால், ஓஜா பலகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது படம் பார்த்து விடை சொல்லும் ஆட்டம் என்று சொல்லி அவர்களையும் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

மேசையைத் தயார் செய்தல்

பேய் ஆட்டம் என்றதும் விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றிவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். ஆவி கனவுகளாக அனுப்பும் ஓவியங்களாகிய கனவுச் சீட்டுகளில் மூலையில் கிடக்கும் ஒரு சாவியும், தூரத்து ஜன்னலில் தெரியும் ஒரு நிழலும்கூடத் துப்பாக இருக்கக்கூடும். மங்கிய மஞ்சள் ஒளியில் நீலமும் ஊதாவும் ஒன்றுபோலத் தெரிந்து, ஆவி நிறத்தை நம்பித் தந்த குறிப்பு பாழாகும். மேசைக்கு மேல் நல்ல வெள்ளை விளக்கு எரியட்டும். சூழலுக்கு வேண்டுமானால் மெல்லிய இசையை ஒலிக்கவிடலாம். மின்விசிறியின் வேகத்தையும் குறைத்துவிடுங்கள், ஏனெனில் ஆவி விடைகளை மறைத்து வைக்கும் தடுப்பில் செருகியிருக்கும் ஒரு சீட்டு விழுந்து முகம் காட்டிவிட்டால் அந்த ஆட்டத்தையே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். முறுக்கையும் மிக்சரையும் பக்கத்து முக்காலிக்கு மாற்றிவிடுவது சீட்டுகளின் ஆயுளுக்கு நல்லது.

பெட்டியில் மூன்று வகைச் சீட்டுகள் உள்ளன. மீடியம்களுக்கான சீட்டுகளில் சந்தேக நபர்கள், இடங்கள், பொருள்கள் என்ற மூன்று வரிசைகள்; அதே படங்களும் அதே எண்களும் கொண்ட இன்னொரு தொகுதி ஆவிக்கு; இவற்றோடு 84 கனவுச் சீட்டுகள். முதலில் மீடியம்களின் சந்தேக நபர்களிலிருந்து, ஆட்களின் எண்ணிக்கைக்கும் தேர்ந்தெடுத்த கடினத்துக்கும் ஏற்ப விதிப்புத்தகத்தின் அட்டவணை சொல்லும் அளவு சீட்டுகளை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் பரப்ப வேண்டும். இடங்களுக்கும் பொருள்களுக்கும் அப்படியே செய்ய வேண்டும். பிறகு ஆவியாக அமர்பவர், மேசையில் கிடக்கும் சீட்டுகளின் எண்களுக்குரிய தம் சீட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துக் கலைத்து, ஒவ்வொரு மீடியமுக்கும் ஒரு நபர், ஓர் இடம், ஒரு பொருள் என்று தம் தடுப்பின் உட்புறத்தில் அந்தந்த மீடியமின் நிறத்துக்குக் கீழே செருகிவைப்பார். எஞ்சியவற்றை யாரும் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு மீடியமுக்கும் உரிய விடை வேறுவேறு, எந்தச் சீட்டும் இரண்டு பேருக்கு விடையாகாது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிதும் உதவும். இவற்றில் உண்மையான கொலை எது என்பது கடைசிக் கட்டத்தில்தான் முடிவாகும்.

முதல் ஆட்டத்துக்கு எளிய நிலையையே தேர்ந்தெடுங்கள். நடு நிலையை எடுத்துத் தோற்றவர்கள் பலர் அந்தப் பெட்டியை மறுபடி திறப்பதே இல்லை.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

ஆட்டம் மொத்தம் ஏழு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் ஆட்டத்தின் கடிகாரத்தில் ஒரு மணியாகக் கணக்கிடப்படும். ஒவ்வொரு மீடியமும் முதலில் தமக்குரிய சந்தேக நபரையும், அவரைச் சரியாகக் கண்டறிந்த பிறகு இடத்தையும், கடைசியாகப் பொருளையும் கண்டுபிடிக்க வேண்டும். ஏழாவது மணி முடிவதற்குள் ஒருவர் மட்டும் மூன்றையும் முடிக்காமல் நின்றாலும் எல்லோரும் தோற்றார்கள்.

சுற்றின் தொடக்கத்தில் ஆவியின் கையில் ஏழு கனவுச் சீட்டுகள் இருக்கும். தாம் விரும்பும் வரிசையில் ஒவ்வொரு மீடியமாக எடுத்துக்கொண்டு, அவருடைய விடையைச் சுட்டுவதாகத் தாம் கருதும் ஒரு சீட்டையோ பல சீட்டுகளையோ கொடுப்பார். கொடுத்த உடனே சீட்டுக்கட்டிலிருந்து எடுத்துக் கையை மீண்டும் ஏழாக்கிக்கொண்டு அடுத்தவருக்குப் போவார். யாரையும் வெறுங்கையோடு விடக் கூடாது. எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் இரண்டு நிமிட மணற்கடிகாரத்தைக் கவிழ்க்க வேண்டும். அதற்குள் மீடியம்கள் தங்களுக்குள் தாராளமாகப் பேசி, விவாதித்து, தம் நிறப் பளிங்கு உருண்டையை ஏதாவது ஒரு சீட்டின் மேல் வைத்துவிட வேண்டும். ஒரே சீட்டின் மேல் இருவர் வைத்தாலும் குற்றமில்லை.

நேரம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் சரியா தவறா என்று ஆவி தெரிவிப்பார். பல மேசைகளில் ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் தவறு என்று வைத்துக்கொள்கிறார்கள். வார்த்தையை விட இது ஆட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. சரியாகச் சொன்னவர் அந்தச் சீட்டைத் தம் உறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, அதுவரை பெற்ற கனவுகளைக் கழித்துவிட்டு, அடுத்த கட்டத்துக்கு நகர்வார். தவறியவர் அதே கட்டத்தில் நிற்பார். அவரிடம் உள்ள கனவுகள் அவரிடமே இருக்கும், அடுத்த சுற்றில் புதியவை அவற்றோடு சேரும்.

ஆவியாக அமர்பவருக்கு

ஆட்டத்தின் முழுப் பாரமும் இவர் மீதுதான். யாருக்கு விதிகள் நன்றாகத் தெரியுமோ அவர் முதல் ஆட்டத்தில் ஆவியாக அமரட்டும். ஆனால் விதி சார்ந்த சந்தேகங்களை எல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்த்துவிட வேண்டும், ஏனெனில் அதன்பின் அவர் வாய் திறக்கக் கூடாது.

புதிதாக ஆவியாகிறவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: விடையைப் பார்க்கிறார்கள், கையில் உள்ள ஏழில் அதற்கு மிக நெருக்கமான படத்தைத் தேடிக் கொடுத்துவிடுகிறார்கள். இது பாதி வேலை மட்டுமே. அந்தப் படம் விடையோடு ஒத்துப்போகிறதா என்பதோடு, மேசையில் கிடக்கும் மற்றச் சீட்டுகளோடு ஒத்துப்போகாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விடை ஒரு மெழுகுவத்தித் தண்டு என்று வைத்துக்கொள்வோம். கையில் தீப்பற்றி எரியும் மரம் ஒன்றும், கடலோரக் கலங்கரை விளக்கம் ஒன்றும் இருக்கின்றன. தீ என்றவுடன் மெழுகுவத்தி நினைவுக்கு வருவதால் எரியும் மரத்தை நீட்டத் தோன்றும். ஆனால் மேசையில் ஒரு கைத்துப்பாக்கியும் கிடந்தால், நெருப்பைப் பார்த்த மீடியம் துப்பாக்கி பக்கம் சாய்வதற்கு எல்லா நியாயமும் உண்டு. விறகு வெட்டும் கோடரி கிடந்தாலோ மரத்தைப் பார்த்து அதற்கே போய்விடுவார். கலங்கரை விளக்கம் உயர்ந்து ஒல்லியாக நின்று உச்சியில் மட்டும் ஒளிர்கிறது. அந்த வடிவம் மேசையில் வேறு எந்தப் பொருளுக்கும் பொருந்தாது. அதையே கொடுக்க வேண்டும்.

எத்தனை சீட்டுகள் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. தெளிவான ஒன்று இருக்கும்போது அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இரண்டு கொடுத்தால் மீடியம்கள் இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். ஆகவே பொதுவானது ஒரே ஒரு விஷயமாக, அதுவும் நீங்கள் நினைக்கும் விஷயமாக இருக்கும்போதுதான் இரட்டைச் சீட்டு பலன் தரும். ஒரு படத்தில் வட்டமான நிலவும் இன்னொன்றில் வட்டமான சக்கரமும் இருந்து, விடையாகிய அறையில் வட்ட ஜன்னல் இருந்தால், அது நல்ல ஜோடி. கையைக் காலி செய்வதற்காக நாலைந்து சீட்டுகளை ஒருவர் தலையில் கொட்டுவது அவரை அந்தச் சுற்றுக்கு மட்டுமல்ல, அடுத்த சுற்றுக்கும் சேர்த்துக் குழப்பிவிடும். உதவாத கையைக் கழிப்பதற்கென்றே காகச் சின்னம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி வேண்டாத சீட்டுகளைத் தள்ளிப் புதியவற்றை எடுக்கலாம். எளிய நிலையில் இந்த வாய்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும், கடினம் ஏற ஏறக் குறையும். ஆவியுலகின் தூதாகக் காகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நம் அமாவாசைப் படையல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நம் மேசையில் அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் சோற்றுருண்டையைப் பற்றிப் பேச்செடுப்பார்.

ஒருவர் தவறான சீட்டில் உருண்டையை வைத்துவிட்டால் வருத்தப்படுவதை விட்டு, ஏன் அங்கே வைத்தார் என்று கவனியுங்கள். விவாதம் முழுவதும் உங்கள் காதில் விழுகிறதே! நீங்கள் நிறத்தைச் சொல்ல நினைத்தீர்கள், அவர் படத்தில் இருந்த பறவையைப் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்தால், அடுத்த கனவில் பறவை இருக்கக் கூடாது, அதே நிறம் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பார்க்கும் விதம் வேறு. சிலர் நிறத்தைப் பார்ப்பார்கள், சிலர் வடிவத்தை, சிலர் படத்தில் ஒரு கதையையே கட்டிவிடுவார்கள். இரண்டு சுற்றுக்குள் யார் எப்படி என்று பிடிபட்டுவிடும். அதன்பின் அவரவர் மொழியில் பேசலாம்.

பங்கீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லோரும் முடித்தால்தான் வெற்றி என்பதால், கையில் ஒரு பிரமாதமான சீட்டு வந்து அது இருவருக்குப் பொருந்தினால், பின்தங்கியிருப்பவருக்கே அது போக வேண்டும். தெளிவான விடை உள்ளவருக்கு முதலில் கொடுத்துவிட்டால், நீங்கள் மற்றவர்களுக்காக யோசிக்கும் நேரத்தில் அவர் தம் படத்தை ஆராய்ந்துகொண்டிருக்கலாம்; இல்லாவிட்டால் ஐந்து பேர் உங்கள் தடுப்பையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி வெறிக்கும்போது சிரிப்பதும், தலையில் அடித்துக்கொள்வதும், சரியான சீட்டை ஒருவர் தொட்டதும் மூச்சைப் பிடிப்பதும் பேச்சுக்குச் சமம்தான். அடக்க முடியாதவர்கள் தடுப்புக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

மீடியம்களுக்கு

கனவு கைக்கு வந்ததும் அதை மேசையில் எல்லோர் பார்வைக்கும் வைத்துவிடுங்கள். படத்தின் நடுவில் பெரிதாக இருப்பதோடு நின்றுவிடாமல் ஓரங்களையும், வானத்தின் நிறத்தையும், தரையின் தன்மையையும் பார்க்க வேண்டும். ஆவி விரும்பிய படத்தை வரைந்து தரவில்லை, கையில் கிடைத்த ஏழுக்குள் ஒன்றைப் பொறுக்கித் தந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. படத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்காது; பெரும்பாலும் ஒரே ஒரு அம்சத்துக்குத்தான் இருக்கும். முதல் கனவு புரியாவிட்டால் இரண்டாவது கனவு வந்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புதியதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தவர்களுடைய கனவுகளிலும் உங்களுக்கான துப்பு இருக்கிறது. உங்களுக்கு ஒரு கப்பல் படமும் பக்கத்து நண்பருக்கு ஒரு மீன் படமும் வந்திருக்கின்றன, மேசையில் ஒரே ஒரு கடலோடிதான் இருக்கிறார் என்றால், இருவரில் ஒருவருக்கு மட்டுமே அவர் விடையாக முடியும். மற்றவர் தம் படத்தில் கடலைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். ஒருவர் சரியாகச் சொல்லி எடுத்துக்கொண்ட சீட்டும் மேசையை விட்டுப் போய்விடுவதால், பின்தங்கியவருக்குத் தேட வேண்டிய பரப்பு சுருங்கிக்கொண்டே வரும்.

கூட்டத்தில் குரல் ஓங்கியவர் ஒருவர் எப்போதும் இருப்பார். எல்லோருடைய படத்துக்கும் அவரே விளக்கம் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். கனவைப் பெற்றவர் தமக்கு என்ன தோன்றுகிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் வாய் திறக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டால், கூச்ச சுபாவம் உள்ளவர்களும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். புதியவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு சுற்றுகளில் மணற்கடிகாரத்தை இரண்டு முறை கவிழ்த்துக்கொள்வதில் தவறில்லை.

நாலு பேரோ அதற்கு மேலோ ஆடும்போது இன்னொரு வேலையும் உண்டு. மற்ற மீடியம் வைத்த ஊகம் சரியென்றோ தவறென்றோ உங்கள் சரி, தவறு குறியிட்ட வில்லைகளை அதன் பக்கத்தில் வைத்துப் பந்தயம் கட்டலாம். பந்தயம் பலித்தால், கடைசிக் கட்டத்தில் எத்தனை கனவுகளைப் பார்க்கலாம் என்பதை முடிவுசெய்யும் உங்கள் தொலைநோக்கு மதிப்பு ஒரு படி ஏறும். மூன்றையும் சீக்கிரம் முடித்தவருக்கும் மிச்சமிருக்கும் மணிகளுக்கு ஏற்ப மதிப்பு கூடும். செலவான வில்லைகள் ஆட்டத்தின் நடுவில், கடிகாரம் 4ஐ எட்டும் கட்டத்தில்தான் திரும்பக் கைக்கு வரும் என்பதால், அதற்கு முன் கஞ்சத்தனம் காட்டுவதில் லாபமில்லை.

கடைசிக் கட்டம்

எல்லோரும் நேரத்துக்குள் முடித்துவிட்டால், ஒவ்வொருவரும் கண்டறிந்த நபர், இடம், பொருள் ஆகிய மூன்றும் ஒரு தொகுதியாக மேசையில் வைக்கப்படும். இவற்றில் ஒரு தொகுதிதான் உண்மையான கொலை. அது எது என்பதை ஆவி இரகசியமாக முடிவுசெய்து, அதன் நபருக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என மூன்று கனவுகளைத் தேர்ந்தெடுத்துக் கலைத்துக் கவிழ்த்து வைப்பார். தொலைநோக்கு மதிப்பு குறைவானவர்கள் ஒரு கனவை மட்டும் பார்த்து வாக்களிக்க வேண்டும், நடுத்தரத்தில் இருப்பவர்கள் இரண்டைப் பார்க்கலாம், மேலே இருப்பவர்கள் மூன்றையும் பார்க்கலாம். இங்கே யாரும் யாரோடும் பேசக் கூடாது. வாக்குகள் இரகசியமானவை, பெரும்பான்மை சரியான தொகுதிக்கு விழுந்தால் ஆவிக்கு விடுதலை.

ஆவியாக இருப்பவர் இந்த இடத்தில், எந்தத் தொகுதி தமக்குப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல், கையில் உள்ள ஏழு சீட்டுகள் எந்தத் தொகுதிக்கு மட்டும் பொருந்துகின்றன என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் திறக்கப்போகும் கனவு எது என்பது கலைத்தபின் தெரியாது; சிலர் அந்த ஒன்றை மட்டுமே பார்க்கப்போகிறார்கள். ஆகவே மூன்றில் எது முதலில் வந்தாலும் தனித்து நிற்கும்படி இருக்க வேண்டும். இரண்டு தொகுதிகளில் தோட்டமும் காடும் இடங்களாக அமைந்திருந்தால், மரம் நிறைந்த கனவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

ஆடி முடித்த பிறகு

உடனே பெட்டியை மூடிவிடாமல், எந்தச் சீட்டை ஏன் கொடுத்தேன் என்று ஆவியைச் சொல்லவிடுங்கள். அவ்வளவு நேரம் வாயடைத்து இருந்தவர் கொட்டித் தீர்க்கும் அந்தக் கால் மணி நேரம் ஆட்டத்தின் ஒரு பகுதியே. அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் ஆவியாகட்டும். ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு மீடியமாகும்போது படத்தைப் பார்க்கும் விதமே மாறியிருக்கும்.

கனவுச் சீட்டுகள் பழகிப்போய்விட்டன என்று தோன்றினால், 2016இல் வந்த ஹிடன் சைன்ஸ் என்ற கூடுதல் தொகுதியில் புதிய ஓவியங்கள் கிடைக்கும். ஏழு மணிகளும் தொலைநோக்குக் கணக்கும் மிகையாகப் படுகிறவர்களுக்கு, திருவிழாப் பூங்காவைக் களமாகக் கொண்டு 2020இல் வந்த மிஸ்டீரியம் பார்க் இன்னும் சிறிய, விரைவான ஆட்டம். பெட்டியில் அடுக்கும்போது ஆவியின் சீட்டுகளையும் மீடியம்களின் சீட்டுகளையும் தனித்தனி ரப்பர் பட்டையிலோ உறையிலோ எண் வரிசைப்படி போட்டு வையுங்கள். படமும் எண்ணும் ஒன்றாகவே இருப்பதால், கலந்துவிட்டால் அடுத்த முறை நண்பர்கள் காத்திருக்கும்போது பிரித்தெடுக்கவே அரை மணி நேரம் ஆகும்.